மட்டை தாண்டுதல்

டாக்டர் யாப் இடுக்கியால் கால்விரலைக் கிள்ளினார்.
நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது,
கால் வேறு யாருடையதோ என்பதுபோல்.

"முதுகெலும்பு உடையவில்லை. நரம்புதான் நசுங்கியிருக்கிறது.
வரலாம். வராமலும் போகலாம்.
எது மோதியது?"
ஏதோ லோரி என்றேன்.
பீடோரில் லோரிக்கா பஞ்சம்.

ஈப்போவிலிருந்து திரும்பும் வழியெல்லாம்
பின்னிருக்கையில் மூத்திரத்தில் நனைந்து கிடந்தது கோப்பி.
கோப்பி, அன்றைக்கு வைத்த பெயர்.
அதுவரை அது ஆலையின் எடைமேடைக்கு அடியில் படுக்கும் நாய்.
செம்பனைக் குலை ஏற்றிவரும் எந்த லோரியையும்
சும்மா விடாத நாய்.

கொடுத்த தாளில் எழுதியிருந்தது:
காலை, மாலை, இரவு
ஒவ்வொரு பின்னங்காலையும்
சைக்கிள் மிதிப்பதுபோல் பதினைந்து முறை.
விரலிடுக்கில் தேய்த்துவிட வேண்டும்.
வயிற்றை அழுத்தி மூத்திரம் இறக்க வேண்டும்.
அப்போது நான் வேலியைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும்.
பழைய கைலியை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி
நிற்பதை ஞாபகப்படுத்த வேண்டும்.

ஞாபகப்படுத்துவது என்பது டாக்டரின் சொல்.
எனக்கு அது தேவைப்படவில்லை.
கோயில் வளைவு, விடியாத பனி,
மடியிலிருந்து நழுவிய கைப்பேசி,
குனிந்தேன்.

முதல் வாரம் பூங்காவனம் பேசவில்லை.
படம் எடுக்க மட்டும் முந்நூற்றெண்பது ரிங்கிட்.
"எனக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது
ஒரு தைலம் வாங்கிவரத் தெரிந்ததா?"
இரண்டாம் வாரம்
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவள்
சீருடையோடு வெந்நீர் வைத்தாள்.
நீலப் பீப்பாயை நெடுக்காக அறுத்தோம்.
மார்புவரை நீரில் நிறுத்தினால்
பின்னங்கால் இரண்டும் மிதந்தன,
ஊறவைத்த காலுறைகள்போல்.

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.
எட்டு டன் பழத்தோடு உருளுகிறவனுக்கு
ஒரு நாய்க்காலின் கனம் பிடிபட நாளாயிற்று.
பத்து நாளில் தொடை சூம்பியது.
பதினைந்தில் எண்ணிக்கையில் ஏமாற்றத் தொடங்கினேன்,
பத்தோடு நிறுத்திவிட்டுப்
பதினைந்து என்று காலண்டரில் கோடு போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் இரவு
இடது கால் நடுவிரலைத் தேய்க்கையில்
கடித்தது.

கட்டைவிரலில் இரத்தம் சொட்டச் சொட்ட
டாக்டரை அழைத்தேன், பதினொன்றரை மணிக்கு.
"கடித்துவிட்டது டாக்டர்! வலிக்கிறதாம் அதற்கு!"
பூங்காவனம் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே மஞ்சள் அப்பினாள்.

அப்புறம் மட்டைகள்.
ஆலையில் வேலை செய்யும் அகுஸ்
ஆறு செம்பனை மட்டைகளில் முள் சீவிக் கொண்டுவந்தான்.
ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகக் கிடத்தினோம்.
பாதம் மடங்கி மேல்தோல் உரசாமலிருக்க
சைக்கிள் டியூபில் ஓர் உறை.
முன்னால் கருவாட்டுத் தலை.
முதல் மட்டையில் விழுந்தது.
மறுநாளும் முதல் மட்டையில் விழுந்தது.
அதற்கு மறுநாள் மழை.
நான்காம் நாள் இரண்டாவதில் விழுந்தது.
அகுஸ் கைதட்டினான்,
கருவாடு பூனைக்குப் போயிற்று.

நான்காம் மாதம், ஒருநாள் காலை,
வேலிக் கதவு திறந்திருக்கக் கோப்பியைக் காணவில்லை.

எடைமேடைக்கு அடியில் படுத்திருந்தது.
மாலையில் சோற்றுக்கு எங்கள் வாசலுக்கு வரும்,
இடது கால் எப்போதும் ஒரு கணம் தாமதமாக.
என் கட்டைவிரல் தழும்பை நக்கும்.
என் லோரியைக் கண்டால் மட்டும்
மற்ற லோரிகளைவிட உரக்கக் குரைக்கும்.
இரண்டும் ஒன்றென்று அதற்கு யாரும் சொல்லவில்லை.
பூங்காவனத்துக்கும்.

நேற்று ஆலை வாசலிலிருந்து துரத்தியது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
மூன்று கால் ஓட்டம், நாலாவது கால் இழுவை,
வாய் நிறையக் கோபம்.
மூன்றாம் கியர் போடவில்லை.
பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தது.
அடிக்கட்டும்.